சென்னையில் கல்லீரல் ஸ்கேன் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கல்லீரல் சுருக்க (சிரோசிஸ்) நோய்க்காகவோ நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றுக்காகவோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்துவரும்படி மருத்துவர் சொல்லியிருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். வடசென்னையில் நல்ல பெயரும் எப்போதும் கூட்டமும் உள்ள ஒரு ஸ்கேன் சென்டரில் என் அம்மாவுக்கு எடுத்த ஸ்கேனுக்கு, "கல்லீரலில் கட்டி எதுவும் இல்லை" என்று ரிப்போர்ட் கொடுத்தார்கள். அந்த ஸ்கேன் எவ்வளவு அக்கறையோடு பார்க்கப்பட்டது என்பதற்கான சான்று அதே தாளிலேயே இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பே லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்டுவிட்ட பித்தப்பை, "இயல்பாக விரிந்துள்ளது, கற்கள் இல்லை" என்று அதில் அச்சாகியிருந்தது.

அம்மாவுக்கு மதுப் பழக்கமோ மஞ்சள் காமாலை வரலாறோ கிடையாது. நீண்ட காலச் சர்க்கரை நோயும் உடல் பருமனும் சேர்ந்து, கொழுப்புக் கல்லீரலாகத் தொடங்கிய நோய் சுருக்க நிலைக்கு வந்திருந்தது. இப்படிப்பட்டவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்கிறார்கள். இந்தக் கட்டி இரு மடங்காக வளரச் சராசரியாக நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும் என்ற கணக்கு அந்த இடைவெளிக்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் எந்த உடலில் ஸ்கேன் மிகவும் தேவைப்படுகிறதோ அதே உடலில்தான் அது மிகவும் மங்கலாகத் தெரியும். வயிற்றுச் சுவரின் கொழுப்பும் கல்லீரலுக்குள் படிந்த கொழுப்பும் ஒலியலையை வழியிலேயே உறிஞ்சிச் சிதறடித்துவிடுவதால், திரையில் கல்லீரலின் ஆழமான பகுதி இருண்டு போகும். உதரவிதானத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும் மேல் வளைவுப் பகுதியை நுரையீரலும் விலா எலும்புகளும் மறைத்துக்கொள்ளும். இடது மடலைக் குடல் வாயு மறைக்கும்.

இவற்றையெல்லாம் மீறிப் பார்ப்பதற்கு வழிகள் உண்டு, அவை எதுவும் அந்த சென்டரில் பின்பற்றப்படவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு வரச் சொல்வது பொதுவான நடைமுறை. முன்பதிவு செய்யத் தொலைபேசியில் பேசியபோதோ, "சாப்பிட்டுட்டே வாங்க, பரவாயில்லை" என்றார்கள். மாலைக் கூட்டத்தில் அம்மாவை மல்லாந்து படுக்கவைத்து, ஜெல் தடவி, கருவியை அங்குமிங்கும் நகர்த்திவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லவுமில்லை, திரும்பிப் படுக்கச் சொல்லவுமில்லை. ஸ்கேன் செய்தவர் தன் பெயரைச் சொல்லவில்லை. ரிப்போர்ட்டின் அடியில் இருந்த கையெழுத்து அவருடையதுதானா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. (கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் காரணமாக, ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் இயந்திரமும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், தகுதி பெற்ற மருத்துவரே அதை இயக்க வேண்டும், சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். இயந்திரத்தை இத்தனை கண்காணிக்கும் ஊரில், அதை வைத்துக் கல்லீரலை எவ்வளவு பார்த்தார்கள் என்று கேட்பதற்கு ஆளில்லை என்பது எனக்கு விந்தையாக இருக்கிறது.)

ரிப்போர்ட் நல்லபடியாக இருந்ததால் வழக்கமான மருத்துவர் அடுத்த ஸ்கேனை ஆறு மாதத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார். அந்தத் தவணை வந்தபோது, உறவினர் ஒருவரின் யோசனைப்படி ஓர் அரசு மருத்துவமனையின் கல்லீரல் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றோம். பழைய ரிப்போர்ட்டைப் படித்துக்கொண்டே அம்மாவின் வயிற்றைப் பரிசோதித்த மருத்துவர், அறுவை சிகிச்சைத் துளைகளின் தழும்புகளைப் பார்த்துவிட்டு, "என்னம்மா ஆபரேஷன் இது?" என்று கேட்டார். அம்மா சொன்ன பதிலுக்குப் பிறகு அவர் ரிப்போர்ட்டை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் புதிய ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். அதே சென்டரின் முந்தைய ரிப்போர்ட்டையும் வீட்டில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வலது சிறுநீரகத்தின் அளவு மில்லிமீட்டர் மாறாமல் இருந்ததோடு, ஒரே எழுத்துப் பிழை இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தது.

அரசு மருத்துவமனையின் ஸ்கேன் வேறு விதமாக நடந்தது. காலை வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். கதிரியக்க மருத்துவர், "இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கம்மா, மூச்சை நல்லா உள்ள இழுத்துப் பிடிங்க, இப்ப விடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லி, விலா இடுக்குகள் வழியாகவும் விலா விளிம்புக்குக் கீழிருந்தும் பொறுமையாகப் பார்த்தார். இவ்வளவு செய்த பிறகும் அவர் "கட்டி இல்லை" என்று எழுதவில்லை என்பதே இந்தப் பதிவின் முக்கியமான செய்தி. வலது மடலின் மேற்பகுதி கொழுப்பின் காரணமாகத் தெரியவில்லை என்றும், காட்சித் தரம் 'சி' என்றும் எழுதினார். அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2017இல் வெளியிட்ட அளவுகோல் அது: கல்லீரல் ஏறக்குறைய முழுவதும் தெரிந்தால் 'ஏ', ஓரளவு தடை இருந்தால் 'பி', பெரும்பகுதி தெரியாமல் ஒரு கட்டியைத் தவறவிடும் வாய்ப்பு மிகுந்தால் 'சி'. அதனுடன், கல்லீரல் புற்றில் கூடக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னார்கள். அதன் அளவு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்ததால் நேராக எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினார்கள். கல்லீரலின் மேற்பகுதியில், உதரவிதானத்தை ஒட்டிய எட்டாம் பிரிவில் 3.4 சென்டிமீட்டர் கட்டி இருந்தது. படத்துக்கான மருந்தைச் செலுத்தியதும், அது தமனி வழியே வந்துசேரும் முதல் கட்டத்தில் பளிச்சென்று தெரிந்து பின்னர் வெளிறிப்போகும் அதன் தன்மையே நோயை உறுதி செய்துவிட்டதால், ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

முந்தைய ஸ்கேனின்போதே அந்தக் கட்டி இருந்தது என்றோ, கவனமாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றோ நான் குற்றம் சாட்டவில்லை. சுருக்க நோய் உள்ளவர்களிடம் தொடக்க நிலைப் புற்றில் அல்ட்ராசவுண்ட் மட்டும் ஏறத்தாழ 45 விழுக்காட்டையும், ஏ.எஃப்.பி. சேரும்போது 63 விழுக்காட்டையும்தான் கண்டுபிடிக்கிறது என்று 2018இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. நல்ல கைகளிலும் தவறவிடும் கருவி அது. என் குற்றச்சாட்டு வேறு: பார்க்காத இடத்தைப் பார்த்ததாக எழுதினார்கள். "மேற்பகுதி தெரியவில்லை" என்ற ஒரு வரி இருந்திருந்தால், மூன்று மாதத்துக்குள் மறு ஸ்கேனோ, எம்.ஆர்.ஐ.யோ, மருந்து செலுத்தி மூன்று கட்டங்களில் படமெடுக்கும் டிரிபிள் ஃபேஸ் சி.டி.யோ எடுக்கலாமா என்ற பேச்சாவது எழுந்திருக்கும். 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டியை வெப்பத்தால் சுட்டு அழிக்கும் முறை நன்றாகப் பலன் தரும் என்றும், அம்மாவுக்கு அந்த எல்லை கடந்துவிட்டது என்றும் மருத்துவர்கள் சொன்னார்கள். கட்டிக்குச் செல்லும் தமனி வழியாக மருந்து செலுத்தி ரத்த ஓட்டத்தை அடைக்கும் 'டேஸ்' சிகிச்சை இப்போது நடக்கிறது.

ஆகவே ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் முடிவுரையை மட்டும் படித்துவிட்டுக் கிளம்பாதீர்கள். கல்லீரலின் எந்தப் பகுதியாவது தெரியாமல் போனதா, காட்சித் தரம் என்ன என்று ஸ்கேன் செய்த மருத்துவரிடமே கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள். அகற்றப்பட்ட உறுப்புகளை முன்கூட்டியே சொல்வது நோயாளியின் வேலை என்று அந்த சென்டரின் மேலாளர் என்னிடம் வாதிட்டார். இல்லாத பித்தப்பையை இருப்பதாக எழுதுவது யாருடைய வேலை என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. படங்களை முழுமையாகக் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ கேட்டுப் பெறுங்கள். முழு உடல் பரிசோதனை 'பேக்கேஜில்' ஒன்றாக வரும் வயிற்று ஸ்கேனைக் கல்லீரல் கண்காணிப்புக்குப் பதிலாக ஏற்காதீர்கள். செலவு தயக்கமாக இருந்தால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் இரைப்பை குடல் மருத்துவத் துறைகள் இருக்கின்றன; காத்திருக்க வேண்டும் என்பது உண்மைதான்.

அந்த ஸ்கேன் சென்டரில் முறையிட்டபோது பித்தப்பை பற்றிய வரியை 'டைப்பிங் மிஸ்டேக்' என்றார்கள், கட்டணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள், பிறகு பழைய தேதியிலேயே ஒரு திருத்திய ரிப்போர்ட்டை அனுப்பினார்கள். அதில் பித்தப்பை பற்றிய வரி மட்டும் மாறியிருந்தது. கல்லீரல் பற்றிய வரி எழுத்து மாறாமல் அப்படியே இருந்தது. கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் அளிக்கலாம் என்பதால், இரண்டு ரிப்போர்ட்டுகளையும் எம்.ஆர்.ஐ. முடிவையும் இணைத்து மனு தயாரித்துவருகிறோம்.