விஎம் வேகத்துக்கு டீஃபிராக்கா, எஸ்எஸ்டியா: ஒரு காரைக்குடிக் கடையின் கணக்கு

காரைக்குடியில் மாமாவின் கண்டாங்கி சேலைக் கடையில் பில் போடுவது ஒரு விஎம்முக்குள், அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினிக்குள். பழைய பில்லிங் மென்பொருள் விண்டோஸ் 7-ஐத் தாண்டி வர மறுக்கிறது, எழுதிக் கொடுத்தவர் எப்போதோ வேறு தொழிலுக்குப் போய்விட்டார். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு ஆதரவு நின்றுபோனதால் அதை நேரடியாக நெட்டில் விடவும் மனசில்லை. அதனால் விண்டோஸ் 10 (இதுதான் ஹோஸ்ட்) மேல் விஎம் ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள், அதற்குள் நெட் இணைப்பே இல்லாத விண்டோஸ் 7 (இது கெஸ்ட்). (விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபரில் அதே கதி வந்துவிட்டது, அது வேறு பஞ்சாயத்து.) இது நாளுக்கு நாள் மந்தமாகிக்கொண்டே போனபோது, ஹார்ட் டிஸ்க்கையே டீஃபிராக் செய்து செய்து (சிதறிய ஃபைல் துண்டுகளை ஒரே வரிசையில் சேர்ப்பது) ஓட்டுவதா, எஸ்எஸ்டி (சுற்றும் பாகமே இல்லாத சிப் டிஸ்க்) வாங்கிப் போடுவதா என்று பார்த்தோம். எஸ்எஸ்டி போட்டாயிற்று, நான் அந்தக் கட்சிதான். ஆனால் மாறுவதற்கு முன் டீஃபிராக் செய்தே நிறைய நாள் ஓட்டியிருக்கிறேன் என்பதால் அதற்குரிய நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரியைப் பாருங்கள். ஹோஸ்ட்டில் ராம் போதாமல் விஎம்மின் மெமரி டிஸ்க்குக்குப் போய்வந்துகொண்டிருந்தால், இந்த இரண்டு வழியில் எதை எடுத்தாலும் அரைகுறைதான். ராமைச் சரிசெய்துவிட்டு மேலே படியுங்கள்.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை, எஸ்எஸ்டி வேகம் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதற்கு மட்டும் ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க்கில் அரைச் சுற்றுக்கு 4 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேலே ஆகும், படிக்கும் ஹெட் நகர்ந்து போக சராசரியாக இன்னொரு 8, 9 மில்லிசெகண்டு. ஒரு இடத்தைத் தேடிப் போய்ப் படிக்க மொத்தம் 12, 13 என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாக் ரிப்போர்ட் ஆயிரம் இடத்தைத் தொட்டால் தேடலுக்கே 12 செகண்டு போய்விடும். எஸ்எஸ்டியில் ஒரு இடத்துக்கு ஒரு மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். கடையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். முன்பெல்லாம் ரிப்போர்ட் கேட்டால் பெட்டியின் முன்னாலிருக்கும் சிவப்பு விளக்கு அணையாமல் எரியும், உள்ளே கரகரவென்று சத்தம், பில் போடும் அக்கா மவுஸைக் கையிலிருந்து எடுத்துவிட்டு சேலை மடிக்கப் போய்விடுவார்.

டீஃபிராக் செய்தால் அந்த ஆயிரம் இடம் குறையும் என்பது உண்மை. ஆனால் விஎம்மில் துண்டாவது ஓரிடத்தில் மட்டும் நடப்பதில்லை. கெஸ்ட் விண்டோஸுக்குள் ஃபைல்கள் துண்டாகின்றன. அந்த கெஸ்ட்டின் டிஸ்க் என்பது ஹோஸ்ட்டில் கிடக்கும் ஒரு பெரிய விடிஐ ஃபைல், அதற்குள் அடுக்கு குலைகிறது. அந்த விடிஐ ஃபைலே ஹோஸ்ட்டின் டிஸ்க்கில் துண்டு துண்டாகக் கிடக்கலாம். நாம் வழக்கமாகச் செய்வது, கெஸ்ட்டுக்குள் போய் டீஃபிராக் பட்டனை அமுக்குவது. விசேஷச் சாமானையெல்லாம் பெட்டிக்குள் அழகாக அடுக்கிவிட்டு, பெட்டிகளை செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் ஒன்று, வளவில் இரண்டு, இரண்டாம் கட்டில் ஒன்று என்று போட்டுவைத்த மாதிரிதான் அது. அடுக்கியது என்னவோ உண்மை, நடை குறையவில்லை.

தேவைக்கேற்ப வளரும் வகை டிஸ்க்கில் இது இன்னும் மோசம், பெரும்பாலானவர்கள் வைத்திருப்பதும் அதுதான். விடிஐ 1 எம்பி துண்டுகளாக வளர்கிறது, கெஸ்ட் எந்த இடத்தில் முதலில் எழுதுகிறதோ அந்த வரிசையில் ஃபைலின் கடைசியில் போய்ச் சேரும். அதனால் கெஸ்ட் தன் கணக்கில் அடுத்தடுத்து வைத்திருப்பது விடிஐக்குள் எங்கெங்கோ இருக்கும். இதற்கு மேல், டீஃபிராக் செய்யும்போது கெஸ்ட் இதுவரை தொடாத இடத்திலும் டேட்டாவை நகர்த்தி எழுதும், அப்போது விடிஐ பெருத்துவிடும். பெருத்தது தானாக இளைக்காது. கெஸ்ட்டுக்குள் காலியிடத்தைச் சுழியம் எழுதி நிரப்பி, விஎம்மை அணைத்து, வெளியிலிருந்து காம்பாக்ட் செய்து சுருக்க வேண்டும். ஸ்னாப்ஷாட் (விஎம்மின் ஒரு நேரத்து நிலையை அப்படியே பதிந்து வைப்பது) ஒன்று இருந்துவிட்டால் அதோகதி: நகர்ந்த ஒவ்வொரு துண்டும் புது மாற்றமாக ஸ்னாப்ஷாட்டுக்குப் பிந்திய ஃபைலில் போய் உட்காரும், வேகம் கூடுவதற்குப் பதில் டிஸ்க் நிரம்பும்.

நான் எஸ்எஸ்டி பக்கம் போனதற்கு உண்மையான காரணம் இந்தப் பராமரிப்புதான், வேகம் இரண்டாவது. டீஃபிராக்கை ஒழுங்காகச் செய்வதென்றால் என்னென்ன வேலை என்று பாருங்கள். ஸ்னாப்ஷாட்களை நீக்க வேண்டும். காப்பி எடுக்க வேண்டும். கெஸ்ட்டுக்குள் டீஃபிராக், பிறகு சுழியம் நிரப்புதல், விஎம்மை அணைத்து காம்பாக்ட், கடைசியாக ஹோஸ்ட்டில் அந்த ஒரு ஃபைலுக்கு டீஃபிராக். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இன்னொரு மென்பொருளான விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனிலும் இதே வரிசைதான்: கெஸ்ட், விர்ச்சுவல் டிஸ்க், ஹோஸ்ட். நடுவில் உள்ளதற்கு அங்கே தனியாக ஒரு மெனு உண்டு என்பது வசதி. ஹோஸ்ட்டில் முழு டிஸ்க்கையும் புரட்டாமல் ஒரு ஃபைலை மட்டும் ஒட்டவைக்க மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் கான்டிக் என்ற சின்னக் கருவி இருக்கிறது, இலவசம். டீஃபிராக் வழியிலேயே இருக்கப் போகிறவர்கள் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் எப்போது செய்வது? கடை திறந்திருக்கும்போது முடியாது, விஎம் அணைந்திருக்க வேண்டும். ராத்திரி ஓடவிட்டால் கரண்ட் போய்விடுமோ என்ற கவலை, கடையில் இருக்கும் யுபிஎஸ் கணினியை ஒழுங்காக அணைக்கிற அளவுக்குத்தான் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை உட்காரலாம் என்றால் அன்றைக்குத்தான் ஒரு புதுமனை புகுவிழாவோ சாந்திக் கல்யாணமோ வந்து நிற்கும். மாதாந்திரப் பராமரிப்புக்கு என்று பகலெல்லாம் மின்சாரம் நிறுத்தும் நாளில் கடை சும்மாதான் இருக்கிறது, ஆனால் அன்றைக்குக் கணினியும் சும்மாதானே இருக்கும்! சரி, இவ்வளவும் செய்து முடித்தால் கொஞ்ச நாள் நன்றாக இருக்கும். தீபாவளி, பொங்கல் கூட்டம் வந்து பில் ஏற ஏற, டேட்டா ஃபைல் வளர வளர, மறுபடியும் துண்டாகும். மறுபடியும் அதே வேலை. மாமா ஒரு நாள் கேட்டே விட்டார்: “மாப்ளே, இந்தப் பொட்டிக்கு மாசாமாசம் வைத்தியம் பாக்கறியே, எப்பத்தான் குணமாகும்?”

இன்னொன்றும் உண்டு. டீஃபிராக் ஃபைலை ஒரே வரிசையில் வைக்கும், ஆனால் பில்லிங் மென்பொருள் அந்த வரிசையில் படிக்காது. இன்டெக்ஸைப் பார்த்து இங்கே ஒரு வரி, அங்கே ஒரு வரி என்று தாவும். ஹோஸ்ட்டில் அதே நேரம் ஆன்டிவைரஸ் ஓடும், பிரவுசர் திறந்திருக்கும், எல்லாவற்றுக்கும் இருப்பது ஒரே ஹெட். அதனால் டீஃபிராக் செய்த மறுநாளே அளந்து பார்த்தும் நேரம் நான் நினைத்த அளவுக்கு இறங்கவில்லை. விஎம் பூட் ஆகும் நேரம் நன்றாகவே குறைந்தது. ரிப்போர்ட் நேரம் அந்த அளவு குறையவில்லை.

எஸ்எஸ்டி பக்கம் பராமரிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது முதல் நாளோடு முடிகிறது. விர்ச்சுவல்பாக்ஸில் விஎம்மின் ஸ்டோரேஜ் அமைப்புக்குப் போனால் இந்த டிஸ்க் எஸ்எஸ்டி என்று குறிக்க ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதை டிக் செய்யுங்கள். செய்யாவிட்டால் உள்ளே இருக்கும் கெஸ்ட்டுக்குக் கீழே சுற்றுவது எது என்று தெரியாது, பழைய ஹார்ட் டிஸ்க் என்றே நினைத்து நேரம் பார்த்து டீஃபிராக் செய்துகொண்டிருக்கும். விண்டோஸ் 7-இல் அது புதன்கிழமை அதிகாலை 1 மணி என்று முன்கூட்டியே குறித்து வைத்தது. எஸ்எஸ்டிக்கு அதனால் பயன் இல்லை, எழுதி எழுதி எஸ்எஸ்டி தேய்வது கூடுவதோடு விடிஐயும் வீங்கும். நான் டிக்கும் போட்டேன், கெஸ்ட்டில் அந்த அட்டவணையையும் கையாலேயே நிறுத்தினேன், இரட்டைப் பூட்டு. ஹோஸ்ட் விண்டோஸ் 10-இல் ஒன்றும் தொட வேண்டாம், அது எஸ்எஸ்டி என்று தெரிந்து டிரிம் (எந்த இடம் இப்போது காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) கொடுக்கும்.

எஸ்எஸ்டியின் குறை, போகும்போது சொல்லாமல் போகும். ஹார்ட் டிஸ்க்காவது கரகரத்து எச்சரிக்கும். எங்களுடையது இன்னும் புதுசு, அஞ்சாறு வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. அதனால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றவில்லை, தினமும் கடை மூடியதும் விஎம்மின் காப்பி அதற்குப் போகிறது. பெரிய சர்வர், பொதுச் சேமிப்பகம் என்று வைத்திருக்கும் இடங்களுக்கு என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், நான் கையாண்டதெல்லாம் கடை, ஆபீஸ் அளவு மெஷின்கள்தான். லினக்ஸ் கெஸ்ட் வைத்திருப்பவர்களுக்கு உள்ளே டீஃபிராக் செய்யும் தேவை பெரும்பாலும் வராது.

எஸ்எஸ்டி இப்போதைக்கு வாங்க முடியாது, அல்லது விஎம் அவ்வளவு பெரிசு, ஹார்ட் டிஸ்க்கில்தான் வைத்தாக வேண்டும் என்றால் மாதாமாதம் டீஃபிராக்கை விட நல்ல வழி ஒன்று இருக்கிறது: டிஸ்க்கை நிலையான அளவுக்கு மாற்றிவிடுவது. கெஸ்ட்டுக்குள் ஒரு முறை டீஃபிராக் செய்து, ஹோஸ்ட்டில் காலியிடத்தை ஒழுங்குபடுத்தி, விர்ச்சுவல்பாக்ஸின் மீடியா மேனேஜரில் விடிஐயை நிலையான அளவில் காப்பி எடுங்கள். முழு இடத்தையும் ஒரேயடியாகப் பிடித்துக்கொள்வதால் ஃபைல் வளராது, நடு அடுக்கும் வெளி அடுக்கும் அதோடு அடங்கிவிடும், பிறகு கெஸ்ட்டுக்குள் மட்டும் எப்போதாவது டீஃபிராக் போதும். வாடிக்கையாளர் ஒருவரின் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் இப்படித்தான் செய்து கொடுத்தேன், இன்னும் ஹார்ட் டிஸ்க்கில்தான் ஓடுகிறது, குறை சொல்லவில்லை. இடம் மட்டும் தாராளமாக வேண்டும்; காப்பி முடியும்வரை பழையதும் புதியதும் சேர்ந்து இருக்கும். புதிய டிஸ்க்கில் விஎம் ஒழுங்காக எழுந்து, அன்றைய பில் போட்டு, ரிப்போர்ட் எடுத்துச் சரிபார்த்த பிறகே பழைய விடிஐயை அழியுங்கள்.