மாதிரிக் கார் பூட்டித் தருகிறேன் என்பவரிடம் கிட்டைக் கொடுக்கும் முன்

சென்னையில் பிளாஸ்டிக் மாதிரிக் கார்களைக் கூலிக்குப் பூட்டி, வண்ணமடித்துத் தருவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவரிடம் கடந்த ஆண்டு நான் 7,700 ரூபாயைக் கொடுத்து ஏமாந்தேன். பணத்தைவிட என்னை வருத்துவது, அவர் கைக்குப் போன கிட் (துண்டு துண்டாகப் பெட்டியில் வரும், பூட்ட வேண்டிய மாதிரிக் கார்) பழையபடி திரும்பி வரவில்லை என்பதுதான். புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் அவருடைய பெயரையோ, அவர் நடத்தும் பக்கத்தின் பெயரையோ இங்கே எழுதவில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்; இதே வேலையை யாரிடமாவது ஒப்படைக்க நினைப்பவர்களுக்கு அது போதுமானதாக இருக்கும்.

அப்பாவிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. இங்கிலாந்தில் 1959ஆம் ஆண்டு ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த கார் அது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கலாட்டி வரைந்தது. 1961 முதல் நம் வண்டலூர்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு என்ற பெயரோடு அதைத் தயாரித்தார்கள். பானெட்டும் முன்பக்க மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வண்டியைத் திறந்து வைத்தால், தெருப் பிள்ளைகள் எல்லாரும் முதலையின் வாயைப் பார்ப்பதுபோல் வந்து நின்று பார்ப்போம். எங்களுடையது இரண்டு கதவு வண்டி. உடல் வெளிர் நீலம், கூரை வெள்ளை. நான்கு கதவு ஹெரால்டு பின்னால் வந்தது.

அந்த வண்டியின் ஸ்டாண்டர்டு பெயர் தாங்கிய கிட் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. ஆனால் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் ட்ரையம்ஃப் ஹெரால்டை 1:32 அளவில் வெளியிட்டிருக்கிறது. லண்டனிலிருந்து வந்த என் அக்காள் மகன் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தபோது, முழு வண்டியும் 12 சென்டிமீட்டர் நீளத்தில் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரித்தேன். இளம் வயதில் நானே சில கிட்டுகளைப் பூட்டியவன்தான். இப்போது எனக்கு வயது 66; வலது கை நடுங்குகிறது. மெல்லிய தூரிகையால் ஜன்னல் ஓரக் கோட்டை இழுக்க முடியாது என்று தெரிந்ததால், இந்த வேலையை இன்னொருவரிடம் கொடுக்கத் தீர்மானித்தேன். அந்தத் தீர்மானத்தில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆளைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் தவறு.

அவருடைய பக்கத்தில் இருந்த படங்கள் கண்ணைப் பறித்தன. பூச்சு கண்ணாடிபோல் பளபளத்தது. கதவு இடைவெளிகளில் மெல்லிய நிழல் சீராக ஓடியது. முன்விளக்குகளில் ஒளி நின்றது. தொலைபேசியில் மரியாதையாகப் பேசினார். “சார், இதெல்லாம் நான் கையாலே பண்ணுனது, நீங்க கவலையே படாதீங்க” என்றார். கூலி 6,500 ரூபாய் என்றும், அதில் 4,500ஐ முன்பணமாகத் தர வேண்டும் என்றும், 6 வாரத்தில் முடித்துவிடுவதாகவும் சொன்னார். ரசீது கேட்டேன், “நம்மளது வீட்டுத் தொழில்தானே சார்” என்றார். பணம் போன யூபிஐ கணக்கில் வேறு ஒருவர் பெயர் இருந்தது. அது தம்பியின் கணக்கு என்று விளக்கம் வந்தது. செப்டம்பர் கடைசியில் கிட்டையும், பெயிண்ட் கடையில் வாங்கிய ஷேடு கார்டில் அப்பாவின் நீலத்துக்கு மிக நெருங்கிய கட்டத்தை வெட்டி எடுத்து போட்ட ஓர் உறையையும் அவரிடம் கொடுத்தேன்.

நான்காவது வாரம், நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரை வெளிநாட்டுச் சரக்காகத் தனியாக வாங்க வேண்டும் என்று 1,200 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். ஆறாவது வாரம் சாம்பல் நிறப் பிரைமர் அடித்த ஓர் உடலின் படத்தை அனுப்பினார். பிறகு மழை வந்தது, காய்ச்சல் வந்தது, உறவினர் வீட்டுக் கல்யாணம் வந்தது. டிசம்பர் கடைசியில் ஒரு நாள் மாலை ஆலந்தூர் மெட்ரோ நிலைய வாசலுக்கு வரச் சொல்லி, குமிழ்த் தாளில் சுற்றி டேப் ஒட்டிய ஒரு பெட்டியைக் கொடுத்து, மீதி 2,000 ரூபாயை வாங்கிக்கொண்டு, பைக்கை அணைக்காமலே கிளம்பிவிட்டார். இருட்டில் அந்த டேப்பைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. பிரித்திருக்க வேண்டும்.

வீட்டில் மேசை விளக்கின் கீழ் பிரித்தபோது முதலில் வந்தது வாசனை. டிங்கரிங் கடையைக் கடக்கும்போது மூக்கில் ஏறுமே, அதே டூகோ (கார்களுக்கு அடிக்கும் லாக்கர் பெயிண்ட்) வாசனை. நான் கேட்ட வெளிர் நீலத்துக்குப் பதிலாக, இப்போதைய கார்களில் காணும் அடர்ந்த மெட்டாலிக் நீலம் இருந்தது. மெட்டாலிக் பூச்சில் உள்ள மினுக்குத் துகள் அசல் காரில் கண்ணுக்கு இதமாக இருக்கும். 32இல் ஒரு பங்காகச் சுருங்கிய காரில் அதே துகள் கற்கண்டு தூவியதுபோல் தெரியும். கதவு இடைவெளிக் கோடுகள் பாதி மூடிப்போயிருந்தன. இந்த அளவுக் காரில் கால் மில்லிமீட்டர் கனத்துக்குப் பூச்சு ஏறினால், அது அசல் காரில் 8 மில்லிமீட்டர் கனத்துக்குச் சாந்து பூசியதற்குச் சமம் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த வேலையில் மெல்லிய பூச்சுக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம் என்பது விளங்கும். கூரையில் வறண்ட ஏரிப்படுகைபோல் நுண்ணிய வெடிப்புகள் வலைபின்னியிருந்தன. முன்கண்ணாடியும் பக்கக் கண்ணாடிகளும் பனி படிந்தவைபோல் வெளுத்திருந்தன.

பின்பக்க இடது சக்கரம் மற்ற மூன்றையும்விடப் பெரியதாக இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அது கிட்டின் சக்கரமே இல்லை; பொம்மைக் கடைகளில் விற்கும், பின்னால் இழுத்து விட்டால் ஓடும் காரிலிருந்து பிடுங்கிய சக்கரம். அதன் நடுவில் வெள்ளிப் பெயிண்டை ஒரு பொட்டாக வைத்திருந்தார்.

மறுநாள் காரை ஒரு மிட்டாய் டப்பாவில் வைத்துப் புதுப்பேட்டைக்கு எடுத்துச் சென்றேன். அங்கே எனக்குப் பழக்கமான பெயிண்டர் ஒருவர் 30 ஆண்டுகளாகக் கார்களுக்கு வண்ணமடிப்பவர். கையில் வாங்கி மோந்து பார்த்தவர், “என்.சி. தின்னர் சார். இதைப் போய் வெறும் பிளாஸ்டிக் மேலே அடிச்சிருக்கானே. நாங்க பம்பருக்கு அடிக்கிறதுக்கே பிளாஸ்டிக் பிரைமர் தனியாப் போடுவோம்” என்றார். நகத்தால் ஓரத்தைக் கீறினார். நீலத்துக்குக் கீழே நேராகக் கிட்டின் பிளாஸ்டிக்தான் தெரிந்தது. நான் 1,200 ரூபாய் கொடுத்த சாம்பல் பிரைமர் எங்கும் இல்லை.

இதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிட்டுகளின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். அதை ஒட்டும் மாதிரிப் பசை வேலை செய்வதே, இரண்டு துண்டுகளின் விளிம்பையும் லேசாகக் கரைத்து ஒன்றோடொன்று உருகிச் சேர வைப்பதால்தான். இந்தக் கரையும் குணமே பூச்சு வேலையில் எதிரியாகிறது. லாக்கர் பெயிண்டை இளக்குவதற்குக் கார் பெயிண்ட் கடைகளில் விற்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் டொலுவீன் போன்ற கடுமையான கரைப்பான்கள் இருப்பதால், அதைத் தாராளமாக ஈரமாக அடித்தால் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு அரிக்கப்பட்டு வெடிக்கும். லாக்கர் என்றாலே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. மாதிரிகளுக்கென்றே வரும் லாக்கர்களை, முறையான பிரைமரின் மேல் மூடுபனிபோல மெல்லிய பூச்சுகளாக அடித்து அருமையாக முடிப்பவர்கள் உண்டு. கண்ணாடி வெளுத்ததற்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. சிறு டியூபில் வரும் உடனொட்டுப் பசை காயும்போது வெளிவரும் ஆவி, தெளிவான பிளாஸ்டிக்கில் படிந்து வெண்மையாகிவிடும். அதனால்தான் ஜன்னல்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைப் போதுமென்று வைத்துக்கொள்வார்கள். அது காய்ந்தால் நிறமில்லாமல் தெளிந்துவிடும். இந்த வேலையைத் தொழிலாகச் செய்கிறேன் என்பவருக்கு இவை இரண்டும் தெரியாமல் இருக்க வழியில்லை.

அவரைத் தொலைபேசியில் பிடிக்க 4 நாள் ஆயிற்று. “சார், நவம்பர் மழையிலே அடிச்சது, ஈரப்பதத்துலே அப்படித்தான் ஆகும்” என்றார். இதில் கால்வாசி உண்மை உண்டு என்பதால்தான் கேட்பவர்கள் ஏமாந்துவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்துச் சென்னைக் காற்றில் லாக்கர் அடித்தால், கரைப்பான் வேகமாக ஆவியாகிப் பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பால்போல் மங்கும். அது மங்கல்தான், வெடிப்பு அல்ல. மேலும், மழை நாளில் அடிக்காமல் தள்ளி வைப்பதற்குத்தானே நான் 3 மாதம் வாய் திறக்காமல் காத்திருந்தேன்? சக்கரத்தைப் பற்றிக் கேட்டதும், “கிட்லேயே மூணுதான் சார் இருந்துச்சு” என்றார். கொடுப்பதற்கு முன் எல்லாத் துண்டுகளையும், அவை ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டகத்தோடு பரப்பிப் படமெடுத்து வைத்திருந்தேன். அதில் 4 சக்கரங்களும் தெரிகின்றன. அந்தப் படத்தை அனுப்பிய பிறகு அவர் என் எண்ணை முடக்கிவிட்டார்.

அன்று இரவுதான் அவருடைய பக்கத்துப் படங்களை நிதானமாகப் பார்த்தேன். ஒரு படத்தில் காருக்குப் பின்னால் சுவரில் பொருத்திய வெந்நீர் ரேடியேட்டர் தெரிகிறது. சென்னையில் யார் வீட்டில் அறையைச் சூடேற்றும் ரேடியேட்டர் இருக்கிறது? இந்த ஊரில் மே மாதத்தில் சுவரே ரேடியேட்டர்தான். அந்தப் படத்தையும் இன்னும் சிலவற்றையும் படத்தேடலில் போட்டுப் பார்த்தபோது, அவை எல்லாம் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் உள்ள வெவ்வேறு ஆட்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே வெளியிட்டவை என்று தெரிந்தது. எனக்கு அனுப்பிய சாம்பல் பிரைமர் படமும் அப்படித்தான். அதில் இருந்தது ஹெரால்டே இல்லை. ஹெரால்டின் பின்பக்கத்தில் மீன் துடுப்புபோல் எழும் விளிம்பு இல்லாத ஓர் உடலைப் பார்த்து, அப்பாவின் வண்டி என்று நம்பி, அக்காவுக்கும் அனுப்பியிருந்தேன்.

வேலை சரியாக வராதவர் மீது எனக்குக் கோபம் இல்லை. பழகும்போது நானே ஒரு கிட்டின் கூரையைப் பசையில் உருக்கியவன். “சார், கெட்டுப்போச்சு, ஒரு சக்கரம் தொலைஞ்சுபோச்சு” என்று சொல்லியிருந்தால், பணத்தை விட்டுவிட்டு அவரோடு உட்கார்ந்து தேடியிருப்பேன். பொம்மைக் காரைத் தேடிப் பிடித்து, சக்கரத்தைப் பிடுங்கி, பொட்டு வைத்து, டேப் சுற்றி, இருட்டில் கையில் திணித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் அழைத்துப் புகாரைப் பதிந்தேன். தமிழிலேயே பேச முடிந்தது. ரசீது இல்லையே என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பணம் அனுப்பிய யூபிஐ பதிவுகள், வாட்ஸ்அப் உரையாடல், கொடுக்கும்போது எடுத்த படம் ஆகியவற்றை நான் ஆதாரமாக இணைத்தேன். புகார் எண்ணை வேறொரு கைபேசியிலிருந்து அவருக்கு அனுப்பிய மூன்றாம் நாள் 3,000 ரூபாய் திரும்பி வந்தது, மீதி வரவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் மனுவைக் கொடுக்க வேண்டும். மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இனி யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால், அவர் பூட்டிய ஒரு காரையாவது நேரில் கையில் வாங்கிப் பார்ப்பேன். வீட்டுக்கு வராதே என்பவரிடம் கொடுக்க மாட்டேன். படம் அனுப்பும்போது, என் பெயரையும் அன்றைய தேதியையும் ஒரு தாளில் எழுதி, வண்டியின் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்வேன். துண்டுகளை வெட்டிய பிறகு மிஞ்சும் சட்டகமும் அதே பிளாஸ்டிக்தான் என்பதால், உடலின் மேல் அடிப்பதற்கு முன், அதே பிரைமரையும் அதே நிறத்தையும் அந்தச் சட்டகத் துண்டில் அடித்து என்னிடம் காட்டச் சொல்வேன். அதைச் செய்ய அவருக்கு அரை மணி நேரம்கூடப் பிடிக்காது. ஷேடு தவறாக இருந்தால் அங்கேயே தெரியும், தின்னர் தவறாக இருந்தாலும் அங்கேயே தெரியும்.

வெடித்த பூச்சை எடுக்க நானே முயன்று வருகிறேன். பிளாஸ்டிக் அரிபட்டிருப்பதால், பெயிண்டைக் கழுவினாலும் வெடிப்பின் தழும்பு போகாது. 400ஆம் எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பள்ளங்களில் மெல்லிய பட்டி போட்டு, 1000ஆம் எண் தாளால் மழுங்கத் தேய்க்க வேண்டியிருக்கிறது. தேய்ப்பதற்கு நடுங்கும் கை ஒரு தடையே இல்லை. கூரை ஏறக்குறைய முடிந்துவிட்டது. சக்கரம்தான் கிடைக்கவில்லை. இந்த 1:32 ஹெரால்டைப் பூட்டிய யாரிடமாவது, பாழாகிப்போய் ஒதுக்கி வைத்த கிட்டிலிருந்து ஒற்றைச் சக்கரம் மிஞ்சியிருந்தால் சொல்லுங்கள். உரிய விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.