நொய்ஷ்வான்ஸ்டைனா, எல்ட்ஸா?

ஜெர்மனியில் ஒரே ஒரு கோட்டை பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், பெரும்பாலோர் போவது பவேரியாவின் நொய்ஷ்வான்ஸ்டைனுக்கு. மலைமேல் வெள்ளைக் கோபுரங்கள், சுற்றிலும் ஆல்ப்ஸ் மலைகள். எதிரே மரியன் பாலத்தில் நின்று பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் அது போருக்காக எழுந்த கோட்டை இல்லை. மன்னர் இரண்டாம் லுட்விக் 1869இல் கட்டத் தொடங்கிய கனவு மாளிகை. 1886இல் அவர் இறந்தபோதும் வேலை முடியவில்லை. சில வாரங்களிலேயே மக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். உள்ளே வழிகாட்டியோடு ஏறக்குறைய அரை மணி நேரம்தான். கூட்டம் அதிகம், டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள்.

மொசெல் ஆற்றுக்குப் பக்கத்துக் காட்டுக்குள் இருக்கும் எல்ட்ஸ் வேறு ரகம். 850 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. எந்தப் போரிலும் தகர்க்கப்படவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது, இது பங்காளிகள் சேர்ந்து வாழ்ந்த கோட்டை என்பதுதான். ஒரே முற்றத்தைச் சுற்றி மூன்று கிளைக் குடும்பங்கள் தத்தம் வீட்டை உயர்த்திக்கொண்டே போயிருக்கின்றன. அதனால்தான் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் கோபுரங்கள் எதுவும் ஒரே மாதிரி இல்லை. செடிகொடி ஓவியம் தீட்டிய படுக்கையறையைப் பார்க்கும்போது மனிதர்கள் புழங்கிய வீடு என்று உடனே தெரியும். அன்றைய ஜெர்மனியின் 500 மார்க் நோட்டில்கூட இந்தக் கோட்டைதான் இருந்தது.

மொசெல்கேர்ன் ரயில் நிலையத்திலிருந்து ஓடையோரமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். அந்த நடைக்காகவே போகலாம். குளிர்காலத்தில் மட்டும் மூடியிருக்கும், அப்போது நொய்ஷ்வான்ஸ்டைனுக்குப் போங்கள். மற்ற மாதங்களில் என் ஓட்டு எல்ட்ஸுக்கே.