ஒரே தட்டின் இரண்டு பக்கம்: நான் ஏன் பென்னி லேன் கட்சி

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ரசிகர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால், சீக்கிரமே இந்தக் கேள்வி வந்துவிடும்: ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பெரிதா, ‘பென்னி லேன்’ பெரிதா? வேறு எந்த இரண்டு பாட்டையும் இப்படி எதிரெதிரே நிறுத்துவதில் அர்த்தம் குறைவு. இவை 1967 பிப்ரவரியில் ஒரே இசைத்தட்டின் இரு பக்கங்களாக வெளிவந்தவை. பொதுவாக ஒரு பக்கத்தில் முக்கியமான பாட்டு இருக்கும், மறுபக்கத்தில் துணைக்கு ஒன்று இருக்கும். இந்தத் தட்டில் இரண்டுமே முதல் பக்கம் என்றுதான் வெளியிட்டார்கள். ஒன்று குழுவில் இருந்த ஜான் லெனனுடையது, மற்றது பால் மெக்கார்ட்னியுடையது. இரண்டும் லிவர்பூலில் அவர்கள் சிறுவயதில் பார்த்த இடங்களைப் பற்றியவை.

நான் பழகிய ரசிகர்களில் முக்கால்வாசிப் பேர் ஸ்ட்ராபெரி பக்கம்தான். பல வருடம் நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன். அதனால் அந்தப் பாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்ட்ராபெரி ஃபீல்ட் என்பது இரட்சணிய சேனை நடத்திய குழந்தைகள் இல்லம். லெனனை வளர்த்த மிமி பெரியம்மாவின் வீட்டுக்குப் பக்கத்தில், வூல்ட்டன் பகுதியில் இருந்தது. 1966 ஆகஸ்டில் பீட்டில்ஸ் மேடைச் சுற்றுப்பயணங்களை நிறுத்திவிட்டார்கள். லெனன் ஒரு படத்தில் நடிக்க ஸ்பெயினில் உள்ள அல்மேரியாவுக்குப் போனார். அங்கே, ஊரைவிட்டு அவ்வளவு தூரத்தில் இருந்தபோதுதான் இந்தப் பாட்டு பிறந்தது. பாட்டில் அந்த இல்லத்தைப் பற்றி ஒரு விவரமும் கிடையாது. வாசல் கதவும் கிடையாது, தோட்டமும் கிடையாது. தான் நினைப்பதைச் சொல்ல வந்து, பாதியில் மாற்றிக்கொண்டு, மறுபடி தயங்குகிற ஒரு மனம் மட்டும் இருக்கிறது. ராக் இசையில் ஒரு ஆள் இவ்வளவு வெளிப்படையாகத் தடுமாறுவதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அப்புறம் அந்த ஒலி. தொடக்கத்தில் புல்லாங்குழல் போலக் கேட்பது மெல்லட்ரான் என்ற கீபோர்டு. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே முன்பே பதிவு செய்த ஒரு நாடாத் துண்டு ஓடும். அதை வாசித்தவர் மெக்கார்ட்னி. இடையிடையே சிதறி விழும் தந்தி ஒலி குழுவில் இன்னொருவரான ஜார்ஜ் ஹாரிசனின் சுவரமண்டல், ஹிந்துஸ்தானிப் பாடகர்கள் மடியில் வைத்து வருடிக்கொண்டே பாடுவார்களே, அதேதான்.

இந்தப் பாட்டின் பெயர் பெற்ற இடம் சரியாக ஒரு நிமிடம் கழித்து வருகிறது. லெனனுக்கு இரண்டு பதிவுகள் பிடித்திருந்தன. ஒன்று மெதுவானது, மென்மையானது. இன்னொன்று செலோக்களும் டிரம்பெட்டுகளும் சேர்ந்த வேகமானது. முன்னதன் தொடக்கமும் பின்னதன் மீதியும் வேண்டும் என்றார். இரண்டுக்கும் வேகமும் வேறு, சுருதியும் வேறு என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் சொல்லியும் அவர் விடவில்லை. நல்லவேளையாக வேகமான பதிவுதான் சுருதியிலும் மேலே இருந்தது. அதன் வேகத்தைக் குறைத்தால் சுருதியும் சேர்ந்து இறங்கும். அப்படி இறக்கி, 1966 டிசம்பர் 22 அன்று மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக்கும் நாடாவை வெட்டி ஒட்டினார்கள். ஹெட்ஃபோனில் கேளுங்கள். அந்த ஒட்டைத் தாண்டியதும் லெனனின் குரலே கனத்துவிடும், தூக்கத்தில் பேசுவது போல. ஒரு சிக்கலைச் சமாளிக்கப் போய்க் கிடைத்த குரல் அது. பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான குரலைத் திட்டம் போட்டுச் செய்திருக்க முடியாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு எப்படிக் கட்சி மாறினாய் என்று கேட்பீர்கள். கீபோர்டில் பென்னி லேனை வாசிக்க உட்கார்ந்ததுதான் காரணம்.

கேட்கும்போது அது லிவர்பூலின் ஒரு தெருவில் சும்மா உற்சாகமாக நடைபோடுகிற பாட்டு. முன்னிசைகூடக் கிடையாது, எடுத்த எடுப்பில் குரல். சலூன்காரரைப் பற்றிய முதல் வரி பி மேஜரில் வெளிச்சமாகப் போகிறது. அவர் தான் முடிவெட்டிய தலைகளின் புகைப்படங்களைக் காட்டுகிற அந்த வாக்கியம் முடிகிற இடத்தில் என் விரல் தடுக்கியது. அடியில் ஒலிக்கும் ஸ்வரக்கூட்டில் அந்தர காந்தாரம் போய், சாதாரண காந்தாரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. வெளிச்சமான மேஜர் சத்தமில்லாமல் சோகம் கலந்த மைனராகிவிட்டது! வெயிலில் நடக்கும்போது ஒரு மேகம் கடந்துபோனால் தோளில் உணர்வோமே, அவ்வளவுதான். அத்தனை வருடம் கேட்டும் அங்கே ஒரு நிழல் இருப்பது எனக்குத் தெரியாமல்தான் இருந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பல்லவிக்கு வரும்போது பாட்டுகள் வழக்கமாக மேலே எழும்பும். இது ஒரு முழு சுரம் இறங்கி ஏ மேஜருக்குப் போகிறது. ஆனால் கேட்பவருக்கு இறங்கியதாகவே தோன்றாது, ஒரு கதவு திறந்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு முறையும் இப்படி இறங்கி, திரும்ப ஏறி, கடைசிப் பல்லவியில் மட்டும் சரணத்தின் சுருதிக்கே எழும்பி நிற்கிறது.

இதைக் கண்டபிறகு வரிகளையும் வேறு கண்ணோடு பார்த்தேன். பல்லவியில் வானம் நீலம், சரணத்தில் கொட்டுகிற மழை. வங்கிக்காரர் அந்த மழையில் மழைக்கோட்டு போடுவதே இல்லை. ஒரு இடத்தில் கோடை என்று வருகிறது. ரவுண்டானா நடுவிலுள்ள நிழற்குடைக்குப் பின்னால் நர்ஸ் ஒருத்தி தட்டில் வைத்துப் பாப்பி மலர் விற்கிறாள். பிரிட்டனில் போரில் இறந்தவர்களின் நினைவாகப் பாப்பி விற்பது நவம்பரில். ஆக எல்லாப் பருவமும் ஒரே தெருவில், ஒரே நேரத்தில். நினைவு அப்படித்தானே சேமித்து வைக்கிறது? அந்த நர்ஸுக்குத் தான் ஒரு நாடகத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது, உண்மையில் இருக்கவும் செய்கிறாள் என்று பாட்டு போகிறபோக்கில் சொல்லிவிடுகிறது. ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் எதுவும் நிஜமில்லை என்று நேராகவே அறிவிக்கிறது. பென்னி லேன் அதையே சிரித்த முகத்தோடு, பஸ் மாறுகிற இடத்தில் நின்று சொல்கிறது. எனக்கு இதுதான் கடினமான வேலையாகத் தெரிகிறது. விசித்திரமான ஒலியில் விசித்திரத்தைச் சொன்னால் உடனே புரிந்துவிடும். பளிச்சென்ற ஒலிக்குள் அதை வைத்துவிட்டால் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். இந்தப் பாட்டுக்கு அதுதான் நடந்தது.

டிரம்பெட்டைச் சொல்லாமல் விடமுடியாது. பாக் இசையமைத்த இரண்டாம் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவை டேவிட் மேசன் தொலைக்காட்சியில் வாசித்ததை மெக்கார்ட்னி பார்த்தார். வழக்கமான டிரம்பெட்டைவிட ஒரு ஸ்தாயி மேலே பேசும் பிக்கோலோ டிரம்பெட் அது. ஒரு வாரத்துக்குள், 1967 ஜனவரி 17 அன்று, மேசன் அபே ரோடு ஸ்டுடியோவில் இருந்தார். மெக்கார்ட்னி பாடிக்காட்ட, மார்ட்டின் ஸ்வரங்களை எழுத, மேசன் வாசித்தார். அவ்வளவு உயரத்தில் அவ்வளவு சுத்தமாக ஒரு வாசிப்பு, ஒரு பாப் பாட்டின் நடுவில்.

விற்பனைக் கணக்கு இந்த வழக்கைத் தீர்க்காது. அமெரிக்காவில் பென்னி லேன் முதலிடம் பிடித்தது, ஸ்ட்ராபெரி எட்டாம் இடம் வரை வந்தது. பிரிட்டனில் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்கின் ‘ரிலீஸ் மி’ மேலே இருந்ததால் தட்டு இரண்டாம் இடத்திலேயே நின்றது. இந்த இரண்டையும் பீட்டில்ஸின் அடுத்த ஆல்பமான ‘சார்ஜென்ட் பெப்பர்’-இல் சேர்க்காமல் விட்டதைத் தன் பெரிய தவறு என்று மார்ட்டின் பிற்பாடு வருந்தினார். எனக்கு அந்த வருத்தம் இல்லை. ஆல்பத்தில் பிரிந்து கிடந்திருந்தால் இப்படி முதுகோடு முதுகு ஒட்டி நின்றிருக்காது.

கடைசியாக ஒரு விஷயம். அமெரிக்க வானொலி நிலையங்களுக்கு முன்கூட்டி அனுப்பிய பிரதிகளில் பென்னி லேன் இறுதியில் டிரம்பெட் இன்னொரு சின்ன வரி வாசிக்கும். கடைக்கு வந்த தட்டில் அதை எடுத்துவிட்டார்கள். 1980-இல் அமெரிக்காவில் வந்த ‘ரேரிட்டீஸ்’ தொகுப்பில் அது இருக்கிறது. கேட்டேன், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வந்தால் பாட்டு கையசைத்து விடைபெற்றுப் போவது போல் ஆகிவிடுகிறது. அது இல்லாத தட்டில், ஏறிய சுருதியிலேயே கடைசி ஸ்வரக்கூட்டு நீண்டு நின்று, மெல்ல மங்குகிறது. அந்தச் சில நொடிகளுக்காகவே நான் ஊசியைத் திரும்ப எடுத்து வைப்பேன்.