ஒன்லைன் ஏலத்தில் கிரிக்கட் சாமான்: பல வருடம் கேட்டவனின் அனுபவம்

கொட்டகலையில் இருக்கும் நண்பன் போன வாரம் ஒரு லிங்க் அனுப்பினான். முரளிதரன் கையொப்பமிட்ட பந்து, ஏலத்தில். கீழே ஒரே வரி: "மச்சான், எடுக்கலாமா?" பதில் எழுத எழுத நீண்டுவிட்டதால் இங்கே போடுகிறேன். கணக்குத் திறப்பது, கார்டில் பணம் கட்டுவது எல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஹட்டனில் இருந்துகொண்டு பழைய கிரிக்கட் சாமான் சேர்ப்பது ஒரு காலத்தில் நடக்காத காரியம். கொழும்பில் யாராவது வைத்திருப்பார், அவர் சொன்னதுதான் விலை. இப்போது அதே மாதிரி சாமான் முன்பு எவ்வளவுக்குப் போனது என்று நாமே பார்க்கலாம். பார்க்கப் பார்க்க, அபூர்வம் என்று பொத்திவைத்திருந்த சுற்றுப்பயண மலர்களும் அச்சுக் கையொப்பம் போட்ட அணிப் படங்களும் இங்கிலாந்தில் குவிந்து கிடப்பது தெரிந்தது. அவற்றின் விலை விழுந்தது. உலகத்தில் ஒன்றே ஒன்று என்றால் கதை வேறு. 2020 ஜனவரியில் ஷேன் வோர்னின் டெஸ்ட் தொப்பி ஒன்லைன் ஏலத்தில் 10 இலட்சம் அவுஸ்திரேலிய டொலரைத் தாண்டியது. அதே வருடக் கடைசியில் பிரட்மனின் முதல் டெஸ்ட் தொப்பி 4,50,000 டொலருக்குத்தான் போனது. வோர்ன் என்ன பிரட்மனை விடப் பெரிய ஆளா என்று சண்டைக்கு வராதீர்கள். வோர்ன் விற்றது காட்டுத்தீ நிவாரணத்துக்கு.

எனக்குக் கிடைத்த பொக்கிஷம் ஒரு டிக்கட் துண்டு. 2007 டிசம்பர், கண்டி அஸ்கிரிய, இங்கிலாந்துடன் டெஸ்ட். கொலிங்வுட்டை போல்ட் ஆக்கி, முரளி தன் 709ஆவது விக்கட்டை எடுத்து வோர்னின் சாதனையை முறியடித்த மெட்ச். சொந்த ஊரில் வைத்தே! அஸ்கிரியவில் அதற்குப் பிறகு டெஸ்ட் நடக்கவில்லை, பல்லேகலைக்குப் போய்விட்டது. பார்க்க வந்த இங்கிலாந்து ரசிகர் ஒருவர் கொண்டுபோன டிக்கட், திரும்ப மலைநாட்டுக்கே வந்தது. சாமானை விடத் தபால் செலவுதான் அதிகம். பரவாயில்லை.

இனி எரிச்சலுக்கு வருவோம். கடைசி ஐந்து விநாடி.

நம் உச்ச விலையை முன்கூட்டியே கொடுத்துவிட்டால், அடுத்தவர் கேட்டதை விட ஒரு படி மட்டும் கூட்டி தளமே நமக்காகக் கேட்கும். கணக்குப்படி, யாருடைய உச்சம் பெரிதோ அவருக்குத்தான் சாமான், எப்போது கேட்டாலும் ஒன்றுதான். ஆனால் மனுசன் அப்படியா கேட்கிறான்? எதிரில் ஆள் இருப்பது தெரிந்த பிறகுதானே நம் உண்மையான உச்சம் எவ்வளவு என்று நமக்கே தெரிகிறது. அந்த அவகாசத்தைத் தராமல், மென்பொருள் வைத்துக் கடைசி நொடியில் அடித்துவிட்டுப் போகிறார்கள். விதிக்கு உட்பட்டதுதான், மோசடி என்று சொல்ல முடியாது. பெரிய ஏல நிறுவனங்கள் சிலவற்றில் கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் முடியும் நேரம் தானாகத் தள்ளிப்போகும். நான் கேட்கும் இடத்தில் அது கிடையாது.

அதிலும் இங்கிலாந்தில் இருந்து விற்பவர்கள் பலர் அங்கே ஞாயிறு இரவு எட்டு மணிக்கு முடிகிற மாதிரி வைப்பார்கள். குளிர்காலத்தில் அது நமக்குத் திங்கள் அதிகாலை ஒன்றரை. ஜனவரிக் குளிரில் போர்வைக்குள் போனைப் பிடித்துக்கொண்டு விழித்திருந்து, ஒரு பவுண் வித்தியாசத்தில் தோற்றுப் பாருங்கள், புரியும்.

கையொப்பப் பந்து விஷயத்துக்கு வருகிறேன். கூட ஒரு சான்றிதழ் வரும். அதை விற்பவரே அச்சடிக்கலாம். அமெரிக்காவில் போலிக் கையொப்பக் கூட்டங்களைப் பிடிக்க எஃப்.பி.ஐ. தனி நடவடிக்கையே எடுத்தது; அதில் சிக்கிய சாமான்களோடும் சான்றிதழ் இருந்தது. முரளி கையொப்பம் போடும்போது எடுத்த படம் இல்லையென்றால் அந்தப் பந்தை நான் தொடமாட்டேன். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதையும் மறக்க வேண்டாம். அன்று வெறும் தபால் செலவைப் பார்த்தாலே தலை சுற்றியது.

சரி, தீர்ப்பு. இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பனுக்கு நான் சொன்னது: வேண்டாம்டா, கணக்கே திறக்காதே. போன ஞாயிறு ஒரு ஸ்கோர்கார்டைக் கடைசி நொடியில் பறிகொடுத்த கோபத்தில் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள். கேட்க மாட்டாய் என்றால் பந்தை விட்டுவிட்டு டிக்கட், ஸ்கோர்கார்ட் பக்கம் போ. போலி அடித்தால் லாபம் குறைவு, அதனால் அடிப்பவர்களும் குறைவு. அஸ்கிரிய 2007 ஏதாவது வந்தால் மட்டும் எனக்கு எதிராகக் கேட்காதே.