உதவித்தொகையா, கோடை முன்பயிற்சியா: சிறுபான்மை மாணவர்களின் சட்டப் படிப்புக்கு எது கைகொடுக்கும்?

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் கறுப்பின, லத்தீன், பூர்வகுடி மாணவர்கள் கூடுதலாகப் பயில வேண்டும் என்பதில் எங்கள் முன்னாள் மாணவர் நிதிக்குழுவில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கையிலிருந்த சிறு தொகையை உதவித்தொகையாகக் கொடுப்பதா, வகுப்புகள் தொடங்கும் முன் கோடைப் பயிற்சி நடத்துவதா என்பதில்தான் இழுபறி. நான் பயிற்சிக்குக் கைதூக்கினேன். இன்றும் அந்தப் பக்கமே நிற்கிறேன்.

உதவித்தொகையின் நன்மையை விளக்கத் தேவையில்லை, கடன் குறைகிறது. மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வதை 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்கள் மீதான வழக்குகளில் தடுத்துவிட்டதால், வழக்குக்கு அஞ்சி இரண்டு வழிக்கும் வருமானத்தையும் முதல் தலைமுறைப் பட்டதாரி என்பதையுமே தகுதியாக வைத்தோம். அந்த வகையில் இரண்டும் சமம்.

என் முடிவைத் தீர்மானித்தது முதல் பருவம். பல பாடங்களில் பருவம் முழுவதற்குமான மதிப்பெண் கடைசியில் எழுதும் ஒரே தேர்வில்தான் அடங்கியிருக்கிறது. அதுவும் சக மாணவர்களோடு ஒப்பிட்டு இடப்படும் மதிப்பெண். நீண்ட சம்பவம் ஒன்றைக் கொடுத்து, அதிலுள்ள சட்டச் சிக்கல்களைக் கண்டுபிடித்து, விதியைச் சொல்லி, அதைச் சம்பவத்தோடு பொருத்திக் காட்டச் சொல்வார்கள். வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சூட்சுமம் சேருமுன்பே தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கு முதல் தேர்வு முடிந்த பிறகுதான் புரிகிறது. அதற்குள் தரவரிசை ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது, கோடைக்கால வேலைவாய்ப்பும் அதைப் பார்த்துத்தான் வருகிறது. போதாக்குறைக்கு, கல்லூரிகள் தரும் உதவித்தொகைகளில் பல நிபந்தனைக்கு உட்பட்டவை: சராசரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் தொகை நின்றுவிடும். அப்படி இழந்தவர்களின் எண்ணிக்கையைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகார விதியே சொல்கிறது. நாங்கள் நிபந்தனையின்றிக் கொடுத்தாலும், கல்லூரி தரும் பெருந்தொகை கைநழுவினால் எங்கள் சிறுதொகை எந்த மூலைக்கு?

நாங்கள் நடத்திய பயிற்சியின் முதல் கோடையில் வந்த ஒரு மாணவி இளங்கலையில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். கவனக்குறைவு பற்றிய மாதிரிக் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதினார். அதில் இரண்டரைப் பக்கம் கேள்வியில் இருந்த கதைதான், முடிவில் ‘ஆகவே பிரதிவாதி பொறுப்பாளி’ என்று ஒற்றை வரி. நான்காம் வாரத்தில் அவர் விடை, பிரதிவாதிக்குக் கவனமாக நடக்கும் கடமை இருந்ததா என்ற கேள்வியோடு தொடங்கியது. இந்த மாற்றத்தைப் பணத்தால் வாங்க முடியாது.

இது நாங்கள் கண்டுபிடித்த வழியும் அல்ல. பூர்வகுடி மாணவர்களுக்கான கோடைப் பயிற்சி நியூ மெக்சிகோவில் 1967இல் தொடங்கியது. சிறுபான்மை, ஏழை மாணவர்களுக்காக ‘கிளியோ’ அமைப்பு 1968இல் வந்தது.

ஆனாலும் எங்களுடையது இரண்டே கோடைகளின் அனுபவம். முதல் அணி இன்னும் பட்டம் பெறவில்லை என்பதால், வழக்கறிஞர் தகுதித் தேர்விலும் இது கைகொடுக்கும் என்று நான் வாதிட மாட்டேன். பணமில்லாமல் சேரவே முடியாத மாணவருக்கு உதவித்தொகைதான் சரி. பயிற்சிக்கு வருபவர் கோடைக்கால ஊதியத்தை இழக்கிறார் என்பதும் உண்மை. அதை ஈடுகட்டவே எங்கள் நிதியில் பாதி போகிறது. அப்படியும் இந்த ஆண்டு ஒருவர் கிடங்கு வேலையை விட முடியாது என்று மறுத்துவிட்டதால், வகுப்புகளை மாலைக்கு மாற்றியிருக்கிறோம்.