திரையா, தாளா?

கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் இப்ப ரப்லெற்றில் படம் கீறுகிற பிள்ளைகள் கூடிவிட்டார்கள். கண்காட்சி என்று வந்தால் ஒரே கேள்விதான்: திரையில் காட்டுவதா, அச்சடித்து மாட்டுவதா? இங்கிலாந்து ஓவியர் டேவிட் ஹொக்னி இரண்டையும் செய்தவர். 2010இல் பாரிஸில் தன் படங்களை ஐபோன், ஐபாட் (iPad) திரைகளிலேயே காட்டினார். 2012இல் லண்டன் ரோயல் அக்கடமியில் 51 ஐபாட் படங்களைப் பெரிய தாள்களில் அச்சடித்துத் தொங்கவிட்டார்.

செலவு
திரை: இரவல் ரீவி கிடைத்தால் மிச்சம். ஒன்றிலேயே நூறு படம் ஓடும்.
தாள்: படத்துக்குப் படம் காசு. சட்டம் போட்டால் இன்னும் ஏறும்.

தாங்குதல்
திரை: கரண்ட் போனால் கண்காட்சியும் போச்சு.
தாள்: மார்கழி ஈரத்தில் சுருளும், வெயில் நேரே பட்டால் நிறம் வெளிறும். செம்மண் புழுதியைச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் கண்காட்சி முடிந்தபின் அம்மம்மா வீட்டுச் சுவரில் தொங்கப்போவது இதுதான்.

தெளிவு
திரை: ஒளி உள்ளிருந்து வருவதால் நிறம் துள்ளும். கோடு கோடாகப் படம் வளர்வதையும் ஓடவிட்டுக் காட்டலாம். சின்னப் பிள்ளைகள் அந்த இடத்தைவிட்டு அசையமாட்டார்கள்.
தாள்: நிறம் கொஞ்சம் மங்கும். ஏ3 அளவுக்குக் குறைந்தது 2480 × 1754 புள்ளி (பிக்சல்) வேண்டும். சின்னக் கோப்பை இழுத்துப் பெருப்பித்தால் பனைமரம் படிக்கட்டாகிவிடும்.

ஒருநாள் பள்ளிக்கூட விழா, இருட்டான மண்டபம் என்றால் திரை. வாரக்கணக்கில் வாசிகசாலையில் வைப்பதற்கும் விற்பதற்கும் தாள். என்னைக் கேட்டால், பத்துப் படங்களை அச்சடித்து, வாசலில் ஒரு ரீவியில் கீறும் விதத்தை ஓடவிடுவேன்.